‘லைட்’ பாக்கெட்டா, தராசா: குண்டுப் பூனைக்கும் சுகர் பூனைக்கும் புதுச்சேரிக் கடைகளில் எதை வாங்கலாம்

புதுச்சேரியில் எந்த பெட் ஷாப்புக்குள் நுழைந்தாலும் பூனைச் சாப்பாட்டு அலமாரியில் ‘லைட்’, ‘இண்டோர்’, ‘ஸ்டெரிலைஸ்டு’, ‘வெயிட் கன்ட்ரோல்’ என்று நாலைந்து ரகம் கண்ணில் படும். “பூனை உப்பிப்போச்சு, சுகர் வந்துடுமோ” என்று கேட்டுப் போகிறவரிடம் கடைக்காரர் எடுத்து நீட்டுவதும் இவற்றில் ஒன்றைத்தான். சாதாரணப் பாக்கெட்டைவிட விலை கூட. கொடுக்கும் காசுக்கு வேலை நடக்கிறதா என்பதுதான் இங்கே பார்க்கப்போவது. கூடவே பவுச் (ஈரச் சாப்பாடு அடைத்த சின்னப் பை), தராசு, குளுக்கோமீட்டர், சிரிஞ்ச் என்று இந்த விவகாரத்தில் வாங்க வேண்டிவரும் மற்ற சாமான்களையும் சேர்த்தே அலசுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அலமாரியில் இருக்கும் ‘லைட்’ உலர் உணவுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கூடுதல் விலை தண்டம். அதே காசில் கிராம் காட்டும் சமையலறைத் தராசும் ஒரு கொக்கித் தராசும் வாங்கினால் பூனை நிச்சயம் இளைக்கும். மிச்சக் காசுக்கு பவுச் வாங்குங்கள்.

ஏன் என்று புரிய, குண்டுக்கும் சுகருக்கும் உள்ள சம்பந்தத்தைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். பூனைக்கு வரும் சர்க்கரை நோய் பெரும்பாலும் நம்முடைய டைப் 2 போன்றது. கணையம் இன்சுலின் சுரக்கும். உடம்பு அதற்குச் சரியாக மசியாது. கொழுப்பு கூடக்கூட இந்த மசியாமையும் கூடும். ஒரு கிலோ எடை ஏறினால் பூனையின் உடம்பு இன்சுலினுக்குக் காட்டும் உணர்திறன் சுமார் 30 சதவீதம் இறங்குகிறது. நாலு கிலோவில் நிற்க வேண்டிய பூனை ஆறு கிலோவைத் தொட்டால் என்ன நிலை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஈடுகட்டக் கணையம் மேலும் மேலும் சுரக்கும். இன்சுலினோடு கூடவே அமிலின் என்று ஒரு புரதமும் வெளிவருகிறது. பூனையில் அது கணையத்துக்குள்ளேயே அமிலாய்டாகப் படிந்து, இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைக் கெடுக்கிறது. ஒரு கட்டத்தில் சுரப்பே விழுந்துவிடும். சரியான எடையில் உள்ள பூனையைவிடக் குண்டுப் பூனைக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு நான்கு மடங்கு வரை அதிகம். கருத்தடை செய்த, வீட்டைவிட்டு இறங்காத, ஏழெட்டு வயது தாண்டிய கடுவன்தான் இதில் முன்வரிசை. கடலூர் துறைமுகத்தில் திரியும் பூனைகளில் குண்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இது பிளாட் பூனைகளின் நோய்.

எடை மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. அரிப்புக்காகத் திரும்பத் திரும்பப் போடும் ஸ்டீராய்டு ஊசி, பெட்டைப் பூனை ‘ஹீட்டுக்கு’ வராமலிருக்கப் போடும் ஹார்மோன் ஊசி இரண்டும் சுகரை இழுத்துவிடும். குண்டுப் பூனைக்கு இந்த ஊசிகளைப் போடும் முன் டாக்டரிடம் மாற்று வழி உண்டா என்று கேட்பது நல்லது.

இன்னொன்று. மாசக்கணக்கில் குண்டாக இருந்த பூனை சாப்பாட்டைக் குறைக்காமலே இளைக்க ஆரம்பித்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாவது, லிட்டர் மணலில் மூத்திரக் கட்டிகள் பெரிதாவது, எந்நேரமும் பசி, மொட்டைமாடியில் மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்ப்பது, பின்னங்காலின் குதிகாலைத் தரையில் பதித்துத் தட்டையாக நடப்பது: இவற்றில் எதைக் கண்டாலும் பெட் ஷாப்புக்குப் போகாமல் நேரே டாக்டரிடம் போக வேண்டும்.

பாக்கெட்டின் பின்பக்கம்

முன்பக்கத்தில் ‘லைட்’ என்று எத்தனை பெரிதாகப் போட்டிருந்தாலும், பார்க்க வேண்டியது பின்பக்கத்துப் பொடி எழுத்தை. அங்கே புரதம், கொழுப்பு, நார், ஈரம் நான்கும் இருக்கும். சில பாக்கெட்டுகளில் சாம்பலும், அதாவது தாது உப்புகளின் அளவும் இருக்கும். இல்லாவிட்டால் உலர் உணவுக்கு 8, பவுச்சுக்கு 2 என்று வைத்துக்கொள்ளலாம். மாவுச்சத்தை மட்டும் யாரும் அச்சடிப்பதில்லை. எல்லாவற்றையும் கூட்டி நூறிலிருந்து கழித்தால் அது தானே வெளிவரும்.

புரதம் 30, கொழுப்பு 10, நார் 5, ஈரம் 12 என்று போட்ட சாதாரண உலர் உணவை எடுத்துக்கொள்வோம். சாம்பல் 8 சேர்த்தால் கூட்டுத்தொகை 65. மாவுச்சத்து 35. கலோரிக்குப் புரதத்தையும் மாவையும் 3.5 ஆலும், கொழுப்பை 8.5 ஆலும் பெருக்க வேண்டும்: 105, 122, 85. மொத்தம் 312, அதில் மாவின் பங்கு 39 சதவீதம்.

இப்போது அதன் ‘லைட்’ தம்பி. புரதம் 32, கொழுப்பு 9, நார் 7, ஈரம் 10 என்று இருந்தால் மாவு 34. கலோரி 307, மாவின் பங்கு அதே 39 சதவீதம். நூறு கிராமுக்கு அஞ்சு கலோரி குறைந்ததற்கு ஒரு புது டிசைன் பாக்கெட்! கொழுப்பைக் கொஞ்சம் எடுத்துவிட்டு அந்த இடத்தில் நாரையோ மாவையோ போடுவதுதான் இந்த ரகங்களின் சூட்சுமம். சர்க்கரை நோய் உள்ள பூனைக்கு மாவிலிருந்து வரும் கலோரி 12 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது கால்நடை மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவு. 39 எங்கே, 12 எங்கே.

பாக்கெட்டில் போடும் புரதமும் கொழுப்பும் ‘குறைந்தபட்சம்’ என்ற கணக்கு. நிஜத்தில் கொஞ்சம் கூட இருக்கும். அதனால் உலர் உணவின் உண்மையான கலோரி நூறு கிராமுக்கு 350 முதல் 400 வரை போகும். பாக்கெட்டிலேயே கலோரி அச்சிட்டிருந்தால் அதையே நம்பலாம்.

‘கிரெயின் ஃப்ரீ’ என்ற வார்த்தைக்கும் மயங்க வேண்டாம். அரிசி, சோளத்துக்குப் பதில் பட்டாணி, உருளை, மரவள்ளி. கூட்டிக் கழித்தால் மாவு கிட்டத்தட்ட அதே அளவு நிற்கும். உலர் உணவின் உருண்டைகள் உதிராமல் நிற்கவே மாவு வேண்டும். அதனால் ‘டயபெடிக்’ என்று அச்சிட்ட மருத்துவ உலர் உணவிலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அளவு குறைவு என்பதே வித்தியாசம். ராயல் கேனின் போன்றவர்களின் டயபெடிக், சாட்டைட்டி ரகங்கள் வேறு ஜாதி. சாட்டைட்டி நாரும் புரதமும் கூட்டி வயிறு நிறைய வைப்பது. இளைப்பதற்கு நல்ல சரக்கு. டாக்டர் எழுதிக் கொடுத்தபின் வாங்க வேண்டியவை இவை. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். இருக்கிற பை தீர்வதற்கு ஒரு வாரம் முன்னாடியே சொல்லிவிடுங்கள். சாப்பாடு மாறினால் சுகர் கணக்கும் மாறும் என்பதால் நடுவில் ‘இப்போதைக்கு இது’ என்று வேறு ரகத்தைப் போடக் கூடாது.

பவுச்: காசு கூட, காரியம் நடக்கும்

பவுச்சில் நூறுக்கு எண்பதுக்கு மேல் தண்ணீர். மாவு மிகக் குறைவு. புரதம் 11, கொழுப்பு 3, நார் 0.5, ஈரம் 82 என்றால் சாம்பல் 2 போக மாவு 1.5தான், கலோரியில் அதன் பங்கு 8 சதவீதத்துக்குள். ஆனால் எல்லாப் பவுச்சும் இப்படியில்லை. குழம்பு மாதிரி ஓடும் ‘கிரேவி’ ரகத்தில் கெட்டிப்படுத்த ஸ்டார்ச் சேர்ப்பார்கள். புரதமும் 8, 8.5 என்று இறங்கி நிற்கும். அப்போது மாவின் பங்கு 16 சதவீதம் வரை ஏறும். குண்டுப் பூனைக்கு அதுவே போதும். சுகர் பூனைக்கு ‘ஜெல்லி’ அல்லது களிபோல் அழுந்தியிருக்கும் ‘லோஃப்’ ரகத்தைத் தேடுவது மேல். விஸ்காஸ், மீ-ஓ, ஷீபா, ட்ரூல்ஸ் எதுவானாலும் பேரைப் பார்க்காமல் ஒவ்வொரு பவுச்சுக்கும் அந்தக் கழித்தல் கணக்கைப் போடுங்கள். ஒரே பிராண்டின் ரெண்டு சுவைகளுக்கிடையே இரட்டிப்பு வித்தியாசம் வருவதுண்டு.

இன்னொரு பொடி எழுத்து: ‘கம்ப்ளீட்’ என்று இருக்க வேண்டும். ‘காம்ப்ளிமென்டரி’ என்று இருந்தால் அது தொட்டுக்கை. அதையே முழுச் சாப்பாடாகப் போட்டால் கால்சியம் முதல் பூனைக்கு அவசியமான டாரின் என்ற அமினோ அமிலம் வரை குறை விழும்.

பவுச்சின் பாதகம் விலைதான். 85 கிராம் பவுச்சில் சுமார் 55 முதல் 60 கலோரி. இளைக்க வேண்டிய பூனைக்கு நாளைக்கு 160 கலோரி என்றால் மூன்று பவுச்சுக்குக் கொஞ்சம் குறைவு. மாதக் கணக்கில் பார்த்தால் உலர் உணவைப் போலப் பல மடங்கு. சுகர் வந்துவிட்ட பூனைக்கு அந்தச் செலவு நியாயம். இன்சுலின் டோஸ் குறையலாம். வெறும் குண்டுப் பூனைக்குப் பாதிப்பாதி போதும். 160 கலோரிக்கு ஒரு கணக்கு: பவுச் ஒன்று 60, உலர் உணவு 23 கிராம் 83, உப்பில்லாமல் வேகவைத்த எலும்பில்லாக் கோழி 10 கிராம் 16. கோழியை அதற்குமேல் கூட்டாதீர்கள். ருசி கண்டுவிட்டால் மற்றதைத் தொடாது. தனிக்கோழி சரிவிகித உணவும் ஆகாது.

நம் ஊர் வெயிலில் பிரித்த பவுச் வெளியே அரை மணி தாங்கும். மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, அடுத்த வேளைக்குக் கிண்ணத்தை வெந்நீரில் இறக்கி வெதுவெதுப்பாக்கிக் கொடுக்க வேண்டும். ஜில்லென்று வைத்தால் பூனை முகர்ந்துவிட்டுப் போய்விடும். ‘பவுச் பிடிக்கல’ என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். எறும்புக்குச் சுலபமான வழி, சாப்பாட்டுத் தட்டைத் தண்ணீர் ஊற்றிய பெரிய தட்டுக்குள் வைப்பது.

வீட்டுச் சாப்பாடும் லூஸ் சரக்கும்

பால் சோறு, தயிர் சாதம், மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு: பாண்டி, கடலூர் வீட்டுப் பூனைகளில் பாதி இதில்தான் வளர்கிறது. நூறு கிராம் சோற்றில் 130 கலோரி. கிட்டத்தட்ட முழுக்க மாவு. குழம்பில் போடும் வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஒரு மாரி பிஸ்கட் இருபது கலோரிக்கு மேல். 160 கலோரிப் பூனைக்கு அது அன்றைய சாப்பாட்டில் ஏழில் ஒரு பங்கு. சுகர் என்றதும் ராகிக்கும் ஓட்ஸுக்கும் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நமக்குச் சரி, பூனை சுத்த மாமிசப் பிராணி, அதற்கு எந்த மாவும் மாவுதான். வெந்தயப் பொடி, பாகற்காய்ப் பொடி வைத்தியமும் வேண்டாம். வீட்டில் பெரியவர்களுக்கு இருக்கும் சுகர் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது இன்னும் ஆபத்து.

மத்தி, நெத்தலி, கானாங்கெளுத்தி மலிவாகக் கிடைப்பதால் மீனையே முழுச் சாப்பாடாக்கலாமே என்று தோன்றும். மாவில்லை என்பது சரி. ஆனால் பச்சை நெத்தலி போன்ற மீன்களில் இருக்கும் ஒரு நொதி வைட்டமின் பி1ஐ அழிக்கும். வேகவைத்தால் அந்தத் தொல்லை போகும். எண்ணெய் மீனையே தினமும் போட்டால் வைட்டமின் ஈ குறைந்து உடம்புக் கொழுப்பே வீங்கி வலியெடுக்கும். வாரம் ரெண்டு நாள், வேகவைத்து முள்ளெடுத்த துண்டு ஒன்று, அன்றைய கணக்கில் கழித்துக்கொண்டு. கருவாடு கூடவே கூடாது.

சில கடைகளில் மூட்டையைப் பிரித்து லூஸில் நிறுத்துக் கொடுக்கிறார்கள். விலை குறைவு என்பதால் நன்றாகவே போகிறது. எங்கள் மதிப்பெண் பூஜ்யம். பின்பக்க எழுத்து இல்லை, தயாரித்த தேதி இல்லை. கழித்தல் கணக்கு போட வழியே இல்லை. கடற்காற்றின் ஈரத்தில் திறந்த மூட்டையின் கொழுப்பு சீக்கிரம் காறிப்போகும். உள்ளங்கையில் நாலு உருண்டையைத் தேய்த்து முகர்ந்தால் பழைய எண்ணெய் வாடை தெரியும்.

தராசுகள்: இந்த வரிசையில் முதலிடம்

இளைப்பு கெடுவது பெரும்பாலும் அளவில். பாக்கெட்டோடு வரும் கப்பால் அள்ளினால் ஒரே கை ஒவ்வொரு தடவையும் வேறு எடையை அள்ளும். தினம் வெறும் 5 கிராம் கூடினால் 18 கலோரி. வருஷத்துக்கு 6,500க்கு மேல். கணக்குப்படி முக்கால் கிலோவுக்குக் கிட்டக் கொழுப்பு. சமையலறை டிஜிட்டல் தராசு ஒரு கிராம் வரை காட்டினால் போதும். கிண்ணத்தை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கும் ‘டேர்’ பொத்தானை அழுத்தி, காலையிலேயே அன்றைய முழு அளவையும் நிறுத்து ஒரு டப்பாவில் போட்டுவிட வேண்டும். யார் கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்து. டப்பா காலி என்றால் அன்றைக்குச் சாப்பாடு முடிந்தது. பாட்டி வைப்பது, பையன் போடுவது, பக்கத்து வீட்டு அக்கா சுவர்மேல் வைக்கும் மீன் தலை எல்லாம் இதில் அடங்கினால்தான் கணக்கு நிற்கும். அக்காவிடம் நேரில் சொல்லிவிடுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

எவ்வளவு நிறுப்பது? பூனை இருக்க வேண்டிய எடையைப் பிடியுங்கள், இருக்கிற எடையை அல்ல. பாக்கெட்டின் அட்டவணையில் எல்லோரும் தவறும் இடம் இதுதான்: ஆறு கிலோப் பூனைக்கு ஆறு கிலோ வரியைப் பார்த்துப் போட்டால் அது ஆறு கிலோவிலேயே நிற்கும். போன் கால்குலேட்டரில், இருக்க வேண்டிய எடை நாலு கிலோ என்றால் 4×4×4 = 64; வர்க்கமூலம் இரண்டு முறை அழுத்தினால் 2.83. அதை 70 ஆல் பெருக்கினால் 198. இளைக்க அதில் எண்பது சதவீதம்: 158 கலோரி. நூறு கிராமுக்கு 360 கலோரி உள்ள உலர் உணவு மட்டும் என்றால் 44 கிராம். கிண்ணத்தில் பார்த்தால் பரிதாபமாகத்தான் இருக்கும், அளவு அதுதான். நாலு வேளையாகப் பிரித்துக்கொடுத்தால் கத்தல் குறையும்.

இருக்க வேண்டிய எடையைக் கையாலேயே தெரிந்துகொள்ளலாம். விலாவில் விரலை லேசாக ஓட்டினால் எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். பூனையின் உடல்வாகை மதிப்பிட டாக்டர்கள் வைத்திருக்கும் ஒன்பது புள்ளி அளவுகோலில் அது 5. அதற்கு மேல் ஒவ்வொரு புள்ளியும் 10 முதல் 15 சதவீதம் கூடுதல் எடை. நடக்கும்போது ஆடும் அடிவயிற்றுத் தோல்பை மட்டும் கணக்கில் சேராது. ஒல்லிப் பூனைக்கும் அது உண்டு.

ரெண்டாவது தராசு பூனையை நிறுக்க. ஆள் ஏறி நிற்கும் எடை மெஷினில் பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழிக்கும் பழக்கம் இதற்கு உதவாது. அந்த மெஷின் 100 கிராம் படியில் நகரும். ஆறு கிலோப் பூனை வாரத்துக்கு இறங்க வேண்டியதோ ஒரு சதவீதம், 60 கிராம். ஒரு மாதம் இளைத்தாலும் ஏறினாலும் அது சரியாகச் சொல்லாது. சூட்கேஸ் நிறுக்கும் கொக்கித் தராசு 10 கிராம் படியில் காட்டும்; சில நூறு ரூபாய்தான். பூனையை கேரியரில், அல்லது மேலே துண்டு கட்டிய உறுதியான வயர் கூடையில் வைத்து மாட்டி, ஆட்டம் நின்றதும் எண் நிலைக்கும். வெறும் கூடையின் எடையை முதலில் டேர் போட்டுவிட வேண்டும். வாரம் ஒரு நாள், அதே நேரம், காலைச் சாப்பாட்டுக்கு முன். இந்த ஒரு சாமானுக்கு இந்த மதிப்புரையில் முழு மதிப்பெண்.

இறக்கம் வாரத்துக்கு அரை முதல் ஒரு சதவீதம் என்றால் திருப்தி. ரெண்டு சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். குண்டுப் பூனையைப் பட்டினி போடுவது நாயைப் பட்டினி போடுவது போலல்ல. உடம்புக் கொழுப்பு முழுக்க ஈரலில் வந்து குவிந்து, சாப்பிடுவதையே நிறுத்தி, காதும் ஈறும் மஞ்சளாகும். ரெண்டு நாள் வாய் வைக்கவில்லை என்றால் மூன்றாம் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. புது உணவுக்கு மாற்றும்போது பழையதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ளச் சொல்வதும் இதற்காகத்தான். ஆறிலிருந்து நாலு கிலோவுக்கு ஒன்பது மாதம் போல ஆகும். ஒரு மாதத்தில் இளைக்க வைப்பதாகச் சொல்லும் எதையும் வாங்க வேண்டாம்.

சுகர் வந்தபின்: மெடிக்கல் ஷாப் சாமான்கள்

முதலில் நோயை உறுதிசெய்ய வேண்டும். கேரியரில் அடைத்துக் கொண்டுபோன கலவரத்திலேயே பூனையின் சுகர் 300ஐத் தாண்டிவிடலாம்; ஒரே ஒரு ரத்த சோதனையை வைத்து இன்சுலின் தொடங்கினால் ஆபத்து. மூத்திரத்திலும் சுகர் இருக்கிறதா, ஒன்றிரண்டு வாரச் சராசரியைச் சொல்லும் ஃப்ரக்டோசமைன் என்ன என்று பார்க்க வேண்டும். பாண்டியில் குருமாம்பேட் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருப்பது கடலூர்க்காரர்களுக்கும் வசதி. காலையிலேயே போய்ச் சேருவது நல்லது.

குளுக்கோமீட்டர்: மனிதருக்கான மீட்டரே போதும், ஒரு புரிதலோடு. மனித ரத்தத்தில் சுகரின் கணிசமான பங்கு சிவப்பணுக்களுக்குள் இருக்கும். பூனையில் கிட்டத்தட்ட எல்லாமே ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில். மனிதக் கணக்குக்குச் செய்த மீட்டர் அதனால் பூனைக்குக் குறைத்துக் காட்டும். பூனைக்கென்று வரும் ஆல்ஃபாடிராக்கில் அந்தக் குறை இல்லை. ஸ்ட்ரிப் கிடைப்பதுதான் இங்கே பாடு. எப்போதும் ஒரே மீட்டரில் பார்த்து, எந்த மீட்டர் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டால் போக்கைப் படிக்கலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஸ்ட்ரிப்புக்கு எவ்வளவு ரத்தம் என்பது. அக்கு-செக் ஆக்டிவுக்கு 1 முதல் 2 மைக்ரோலிட்டர். பூனைக் காதில் அந்தத் துளியை வரவழைப்பது பெரும்பாடு. அக்கு-செக் இன்ஸ்டன்ட், கான்டூர் பிளஸ் இரண்டுக்கும் 0.6 போதும். கான்டூர் பிளஸில் ரத்தம் பத்தாவிட்டால் 30 வினாடிக்குள் அதே ஸ்ட்ரிப்பில் இன்னும் கொஞ்சம் தொடலாம். ஆடும் பூனைக்கு அது பெரிய உபகாரம். எங்கள் தேர்வு அதுதான். காது ஓரத்தில் ஓடும் மெல்லிய நரம்பை ஒட்டிக் குத்த வேண்டும். முதலில் துணியில் கட்டிய சூட்டரிசியால் ஒத்தடம். பிறகு துளி முடியில் பரவாமல் உருண்டு நிற்க வாசலினை மெல்லப் பூசி, காதின் பின்னால் பஞ்சை அண்டக் கொடுத்துக் குத்துங்கள். முடிந்ததும் குழாயில் வரும் க்ரீமி ட்ரீட்டைக் கொஞ்சம் நக்கக் கொடுத்தால் மறுநாள் ஓடாது. ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடவும். நம் ஊர் ஈரக்காற்று ஸ்ட்ரிப்பைக் கெடுக்கும்.

கீட்டோ-டயாஸ்டிக்ஸ் மூத்திரப் பட்டையும் வீட்டில் இருக்கட்டும். கீட்டோனை (இன்சுலின் பத்தாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் பொருள்) 15 வினாடியிலும் சுகரை 30 வினாடியிலும் படிக்க வேண்டும். நேரம் தாண்டிய நிறத்துக்கு அர்த்தமில்லை. உறிஞ்சாத சுத்தமான மீன்தொட்டிக் கல்லை லிட்டர் டப்பாவில் போட்டால் மூத்திரம் அடியில் தங்கும். கீட்டோன் தெரிந்து, பூனையும் சோர்ந்து வாந்தியெடுத்தால் அது ராத்திரியே ஓட வேண்டிய அவசரம்.

தோளில் ஒட்டி, குத்தாமலே சுகரைத் தொடர்ந்து காட்டும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சார் பூனைக்கும் வேலை செய்யும். 14 நாள் ஆயுள் என்றாலும் பூனை அதற்குமுன் பிய்த்துவிடுவது சகஜம். டோஸ் நிலைபெறும் வரை ஒன்றிரண்டு தடவைக்கு சரி. மாதாமாதம் வாங்கத் தேவையில்லை.

இப்போது மிகப் பெரிய விபத்து நடக்கும் இடம்: சிரிஞ்ச். பூனைக்கு அதிகம் எழுதப்படும் கிளார்ஜின் இன்சுலின் (லான்டஸ், பேசலாக்) ஒரு மில்லிக்கு 100 யூனிட். நம் மெடிக்கல் ஷாப்புகளில் 40 யூனிட் இன்சுலினும் அதற்கான சிவப்பு மூடி சிரிஞ்சும் இன்னும் தாராளமாகப் புழங்குகின்றன. “இன்சுலின் சிரிஞ்ச் குடுங்க” என்று மட்டும் கேட்டால் சிவப்பு மூடியே கைக்கு வரும். அதில் ஒரு கோடு கிளார்ஜின் இழுத்தால் உள்ளே போவது ரெண்டரை யூனிட். நாலு கிலோப் பூனையின் தொடக்க டோஸ் பெரும்பாலும் வேளைக்கு ஒரே ஒரு யூனிட், நாளுக்கு ரெண்டு வேளை. ரெண்டரை மடங்கு போனால் உயிருக்கே ஆபத்து. ஆரஞ்சு மூடி, 100 யூனிட் என்று கேட்டு, உறையைப் படித்து வாங்குங்கள். அதிலும் 1 மில்லி சிரிஞ்சில் ஒரு கோடு 2 யூனிட்; ஒரு யூனிட்டைக் கண்ணளவில்தான் எடுக்க முடியும். 0.3 மில்லி, அரை யூனிட் கோடு போட்டதுதான் பூனைக்கு ஏற்றது. கடையில் இல்லையென்றால் வரவழைக்கச் சொல்லுங்கள், அதுவரை 0.5 மில்லி, ஒரு யூனிட் கோடு. கிளார்ஜினைக் குலுக்கக் கூடாது, தண்ணீர் கலக்கக் கூடாது, ஃப்ரீசருக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. ஃப்ரிட்ஜ் கதவைவிட நடுத்தட்டு மேல். கரண்டு போனால் கதவைத் திறக்காதீர்கள்.

‘ஊசி வேண்டாம், மாத்திரை வந்துவிட்டது’ என்று கேள்விப்பட்டிருக்கலாம். உண்மைதான், மூத்திரம் வழியே சுகரை வெளியேற்றும் பெக்ஸாகிளிஃப்ளோசின் மாத்திரைக்கு 2022இலும், வெலாகிளிஃப்ளோசின் சொட்டு மருந்துக்கு 2023இலும் அமெரிக்காவில் பூனைக்கு அனுமதி கிடைத்தது. ஏற்கெனவே இன்சுலின் போட்ட பூனைக்கு அவை ஆகாது. சுகர் சரியாகத் தெரியும்போதே கீட்டோன் ஏறும் ஆபத்தும் உண்டு. அதே குடும்பத்து மனித மாத்திரை மலிவாகக் கிடைக்கிறது என்று முயல வேண்டாம்.

சாப்பாட்டையும் இன்சுலினையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். இன்சுலினில் இருக்கும் பூனைக்கு உலர் உணவை நிறுத்திப் பவுச்சுக்கு மாற்றினால் இன்சுலின் தேவை சில நாளிலேயே சரசரவென்று இறங்கலாம். நோய் தொடங்கிய புதிதில் எடையும் குறைந்து, மாவும் குறைந்து, சுகரும் கட்டுக்குள் வந்த பூனைகள் சில இன்சுலினே தேவைப்படாமல் நிற்பதும் இதனால்தான். ஆனால் பழைய டோஸையே போட்டுக்கொண்டிருந்தால் லோ சுகர் வரும்: தள்ளாட்டம், வெறித்த பார்வை, நடுக்கம், பிறகு வலிப்பு. மனித மீட்டரில் 60க்குக் கீழே போனால் உடனே தேனையோ கெட்டியாகக் கரைத்த குளுக்கோஸையோ விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். வலிப்பில் இருக்கும் பூனையின் வாய்க்குள் ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும். தெளிந்ததும் சாப்பாடு கொடுத்துவிட்டு டாக்டரிடம் கிளம்ப வேண்டும். உணவு மாற்றும் வாரத்தில் ஒவ்வொரு ஊசிக்கும் முன் காதில் குத்திப் பாருங்கள். 150க்குக் கீழே காட்டினாலோ, பூனை அந்த வேளை சாப்பிடவில்லை என்றாலோ, ஊசியைப் போடாமல் முதலில் டாக்டருக்கு போன் போடுங்கள்.